எண்ணூர் உமிரியும் எங்கள் மூன்று மா நிலமும்

எனக்கு வயது எழுபது. பெற்றது ஆறு, என் தங்கை விட்டுப் போனது இரண்டு, ஆக எட்டுப் பிள்ளைகளை வளர்த்தேன். எட்டும் நன்றாக இருக்கின்றன. எழுத்து எனக்கு அரைகுறைதான். மூத்தவன் பள்ளிக்கூடம் விட்டு வந்து மணலில் எழுதிப் பழகும்போது அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டது. ஆனாலும் இந்த எழுபது வயதில் நான் எங்கேயும் கைநாட்டு வைத்ததில்லை. கையெழுத்துத்தான்.

எங்கள் வயல் எப்படிப் பச்சைக்குத் திரும்பியது என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். மதராஸில் யாரோ ஒரு டீச்சர் கண்ணாடியில் பார்த்து மந்திரித்துக் கொடுத்தாளாம். அப்படி ஒன்றும் இல்லை. நடந்ததை நானே எழுதி வைத்துவிடுகிறேன்.

காரைக்காலில் கடலை ஒட்டி எங்களுக்கு மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர். என் அப்பா எனக்குச் சீராகக் கொடுத்தது. ஒரு புயலில் கடல் ஏறி வந்து அதில் இரண்டு நாள் நின்றது. பிறகு கடல் திரும்பிப் போனது, உப்பு போகவில்லை. வெயில் ஏறினால் வரப்புக்குள் சுண்ணாம்பு பூசினது போல வெள்ளைப் பொருக்கு. என் பிள்ளைகள் வாய்க்கால் தண்ணீரைக் கட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் நின்று காய்ந்தது, பொருக்கு முன்னைவிடத் தடித்தது. நட்ட நாற்று நுனியிலிருந்து மஞ்சளாகி வைக்கோலாகியது. அந்த இடத்தில் உப்பளம் போடுகிறேன், விலைக்குக் கொடுங்கள் என்று ஒருவர் வந்தார். பிள்ளைகள் சரி என்றார்கள். பத்திரம் எழுதியாகிவிட்டது, என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

பதினைந்து நாள் பொறுங்கள் என்றேன். மதராஸில் மண்ணைப் பார்த்துச் சொல்கிற ஆபீஸ் இருக்கிறதாம். என் மகள் சௌந்தரம் திருவொற்றியூரில் குடியிருக்கிறாள். மண் செத்துவிட்டதா, உயிர் இருக்கிறதா என்று தெரிந்த பிறகுதான் கையெழுத்து. வயலில் ஏழு இடத்தில் கைப்பிடி கைப்பிடியாக மண் எடுத்துப் பழைய வேட்டித் துணியில் முடிந்துகொண்டு கிளம்பினேன்.

அப்போது காரைக்கால் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. ஆகையால் மதராஸ் போவதும் எனக்குச் சீமைப் பயணம்தான். எல்லையில் சுங்கக்காரன் மூட்டையை அவிழ்க்கச் சொன்னான். அவன் பார்த்த பாட்டிமார்கள் சீமைச் சரக்கும் தங்கமும் கடத்தியிருப்பார்கள் போலிருக்கிறது. இது என்ன என்று கேட்டான். எங்கள் வயல் என்றேன். நம்பாமல் விரலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, திரும்பிக்கொண்டு நாலு முறை துப்பினான். பிறகு தானே முடிச்சைப் போட்டுக் கொடுத்தான். அதுதான் என் மண்ணுக்கு நடந்த முதல் பரீட்சை.

திருவொற்றியூரில் எனக்கு முதலில் பழக வேண்டியிருந்தது சங்கு. மாப்பிள்ளை வேலை செய்கிற தீப்பெட்டிக் கம்பெனியில் சங்கு ஊதினால் தெருவே எழுந்திருக்கிறது, சங்கு ஊதினால் சாப்பிடுகிறது. எங்கள் ஊரில் இதையெல்லாம் கோயில் மணி செய்யும். காற்றில் ஒரு பக்கம் கருவாடு, ஒரு பக்கம் தீக்குச்சி மருந்து வாசனை. கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது. அதில் காபி போட்டால் திரிந்து போகிறது. குடிக்கவும் சமைக்கவும் தெருமுனைக் குழாயில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்க வேண்டும். ஆற்றங்கரைக்காரி நான், தண்ணீருக்கு வரிசையில் நின்றது அங்கேதான்.

அந்த வீட்டில் இரண்டு குடித்தனம். பின்கட்டில் எஸ்தர் என்று ஒரு பெண். சொந்த ஊர் ராயபுரம். ஏதோ ஒரு பெண்கள் காலேஜில் செடி கொடி பாடம் நடத்துகிறாள், மேல்படிப்பும் படிக்கிறாள். எண்ணூருக்குப் பக்கம் என்று இங்கே அறை எடுத்திருக்கிறாள். கொல்லையில் மண்ணெண்ணெய்த் தகரங்களைப் பாதியாக வெட்டி, அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி வரிசையாக வைத்திருந்தாள். நாலு தகரத்தில் நெல், நாலு தகரத்தில் ஏதோ குண்டு குண்டான இலையுள்ள பூண்டு. நெல் மஞ்சளாகிச் சாகக் கிடந்தது. எங்கள் வயலையே தகரத்தில் வைத்தது போல இருந்தது.

இரண்டாம் நாள் சௌந்தரமும் நானும் ஆபீஸுக்குப் போய் மண்ணில் பாதியைக் கொடுத்தோம். பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். ரயிலில் திரும்பும்போதுதான் கூத்து. திருவொற்றியூரில் கூட்டம் முண்டியடித்தது. சௌந்தரம் இறங்கிவிட்டாள். நான் பலகைக்கு அடியில் தள்ளி வைத்திருந்த மீதி மூட்டையைக் குனிந்து எடுப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. பிளாட்பாரத்தில் அவள் கூடவே ஓடி வந்தாள். உட்காரு, அடுத்த வண்டியில் வருகிறேன் என்று கையைக் காட்டினேன். பிள்ளைகளுக்கு முன்னால் நான் பதறுவதில்லை. அவள் முகம் மறைந்த பிறகுதான் பதறினேன்.

வண்டி எண்ணூரில் கொண்டுபோய் விட்டது. இறங்கிப் பார்த்தால் எங்கே பார்த்தாலும் உப்பு. ஒரு பக்கம் பாத்தி பாத்தியாக உப்பளம், அதைத் தாண்டி ஆற்றுமுகம். உப்பு மூட்டை சுமந்து வந்த இரண்டு பேர் என்னைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி அதைத் தமிழில் சொன்னாள்: கிழவி சேற்றைப் பிள்ளை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு போகிறாளாம். அவள் பெயர் தேசம்மா. முகத்துவாரக்குப்பத்துக்காரி, இறால் விற்கிறவள். என்னைவிடப் பதினைந்து வயது குறைவாக இருப்பாள், குரல் மட்டும் மூன்று ஊருக்குக் கேட்கும்.

"இன்னா ஆயா, ஒத்தியூர்ல எறங்க வேண்டியவ இங்க வந்துகினியா? பேஜாராவாத. அடுத்த வண்டி வர நேரம் கீது. வா, நெயல்ல குந்து."

குந்தினேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன். உப்புப் பொருக்கு பூத்த சேற்றில், ஒரு புல்லும் முளைக்காத இடத்தில், பாய் விரித்தது போலப் பச்சை. அங்கங்கே தண்டில் செம்மை ஓடியிருந்தது. கிட்டே போய்க் கிள்ளினேன். இலை சின்னச் சின்ன விரல் போலக் குண்டாக, தண்ணீர் நிறைந்து இருந்தது. எஸ்தர் தகரத்தில் வைத்திருந்த அதே பூண்டு.

என் நாற்று செத்த மண்ணுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. மூட்டையை அவிழ்த்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே வெள்ளை, அதே கரிப்பு. ஆனால் இங்கே பச்சை இருக்கிறது. உப்பு இருந்தால் பச்சை வராது என்று யார் சொன்னது?

அது உமிரி, கீரையாகக் கடையலாம், இறாலோடு போட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்று தேசம்மா சொன்னாள். மடி நிறையப் பறித்து, ஒரு கை இறாலும் போட்டு, வண்டி ஏற்றிவிட்டாள். வீட்டில் சௌந்தரம் அழுதுகொண்டிருந்தாள். மாப்பிள்ளை ஸ்டேஷனுக்கும் வீட்டுக்குமாக நடந்து களைத்திருந்தார். நான் கீரையை முறத்தில் கொட்டி, நாளைக்குச் சமையல் என் கையால் என்றேன்.

மறுநாள் எட்டுப் பிள்ளைக்குச் சமைத்த கையால் உமிரியை ஆய்ந்து, வெங்காயமும் இறாலும் சேர்த்து, வழக்கம் போலக் கைக்கு வந்த உப்பை அள்ளிப் போட்டு இறக்கினேன். மாப்பிள்ளை ஒரு வாய் வைத்தார். மரியாதைக்காரர், விழுங்கிவிட்டார். பிறகு ஒரு சொம்பு தண்ணீரை அண்ணாந்து குடித்தார். அந்தத் தெருவில் அது எவ்வளவு பெரிய செலவு என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து எங்கள் தெருவுக்கும் இறால் விற்க வந்த தேசம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"உமிரில உப்பு போட்டியா? அத்தோட ஒடம்பே உப்புதான், ஆயா. அது உப்பத் துன்னுட்டுதான் பச்சையா நிக்குது. அதுக்கு நீ வேற உப்பு போடறியே, நாயமா?"

தெரு முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. மீதியிருந்த உமிரியை நாலு தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டு, மறுபடி சமைத்தேன். சட்டி காலியானது.

இதற்கு நடுவில் எஸ்தர், தாய்க்கு உடம்பு சரியில்லை என்று ராயபுரம் போய்விட்டாள். தகரங்களுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையைச் சௌந்தரத்திடம் ஒப்படைத்திருந்தாள். கொல்லையில் சிவப்புப் பெயிண்ட் அடித்த ஒரு பானை. அதிலிருந்துதான் எல்லாத் தகரத்துக்கும் ஊற்ற வேண்டுமாம். தொட்டு நாக்கில் வைத்தேன். எண்ணூர் ஆற்றுமுகத்து உப்புத் தண்ணீரைக் கலந்து வைத்திருக்கிறாள்.

எனக்குக் கோபம் வந்தது. படித்த பெண், ஆனால் நெல் வளர்க்கத் தெரியவில்லை என்று நினைத்தேன். பட்டினி கிடக்கிற வாயில் உப்புத் தண்ணீரா ஊற்றுவது? சௌந்தரத்திடம், தகரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ உன் வேலையைப் பார் என்றேன். தினமும் விடிந்ததும் குழாயில் நானே வரிசை நின்று பிடித்த நல்ல தண்ணீரில், ஒரு தகரத்துக்கு நாலு சொம்பு. பாரபட்சம் கூடாது என்று உமிரிக்கும் அதே கணக்கு. ஊற்றின தண்ணீர் அடியில் ஓட்டை வழியாக வழிந்து ஓடும். அதையும் தினமும் ஒரு விரல் தொட்டுப் பார்ப்பேன். எல்லையில் சுங்கக்காரனைப் பார்த்தது முதல் எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

எஸ்தர் ஏழாம் நாள் வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் தகரங்களின் முன்னால் நின்றாள். சிவப்புப் பானையில் தண்ணீர் குறையவே இல்லை என்பதைப் பார்த்தாள். நான் பெருமையோடு, பார்த்தாயா, குருத்து விட்டிருக்கிறது என்றேன். அவள் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு மாச வேலைம்மா. வெள்ளிக்கிழமை எங்க புரொபசர் பாக்க வர்றார்."

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தவில்லை. பிறகு சௌந்தரம்தான் எனக்கு விளக்கினாள். உப்பில் நெல் எப்படிச் சாகிறது, அதே உப்பில் உமிரி எப்படிப் பிழைக்கிறது என்று பார்க்கத்தான் அந்தப் பெண் வேண்டுமென்றே உப்புத் தண்ணீர் ஊற்றி வந்திருக்கிறாள். அதைத் தெரிந்துகொள்ளத்தானே நானும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தேன்? என் கேள்வியை எனக்கு முன்னாலேயே ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள், நான் போய் அதை அழித்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் பின்கட்டுக்குப் போனேன். தப்பு என்னுடையது என்றேன். என் பிள்ளைகளிடம்கூட நான் சொல்லாத வார்த்தை அது. என்ன செய்தால் சரியாகும் சொல் என்று கேட்டேன். எஸ்தர் ஒரு மரப்பெட்டியைத் திறந்து பித்தளைக் குழாய் வைத்த கண்ணாடியை ஜன்னல் ஓரமாக வைத்தாள். உமிரி இலையைச் சவரக் கத்தியால் முடி கனத்துக்குச் சீவி, ஒரு சின்னக் கண்ணாடித் துண்டில் வைத்து, பார் என்றாள்.

முதலில் என் இமைமயிர்தான் தெரிந்தது. ஒரு கண்ணை மூடிப் பழகின பிறகு அறை அறையாகத் தெரிந்தது, தேன்கூடு மாதிரி. ஒவ்வொரு அறையின் நடுவிலும் தெளிந்த தண்ணீர். சுவர் ஓரமாகப் பச்சை மணிகள், ஒழுங்காக, ஒன்றை ஒன்று இடிக்காமல். அதற்குக் குளோரோபிளாஸ்ட் என்று பெயர் சொன்னாள். என் வாயில் நுழையவில்லை, பச்சை மணி என்றே வைத்துக்கொண்டேன். வெயிலை வாங்கிச் செடிக்குச் சோறு சமைப்பது அந்த மணிகள்தானாம்.

"உமிரி உப்பை வெளியே நிறுத்தலைம்மா. உள்ளே வாங்கி நடு அறையில பூட்டி வெச்சிருக்குன்னு நான் நினைக்கிறேன். மணிங்க ஓரமா ஒதுங்கி நின்னு தன் வேலையைப் பாக்குது. எப்படிப் பூட்டுதுன்னு யாரும் எனக்கு இன்னும் சொல்லலை."

எனக்கு அது புதிதாக இல்லை. என் மாமியார் கடைசி ஆறு வருஷம் புத்தி கலங்கி இருந்தார். நடு அறையில் அவரை வைத்து, வேளைக்குச் சோறு கொடுத்து, சுற்றிலும் ஓரமாக ஒதுங்கி நாங்கள் சமைத்தோம், பிள்ளை பெற்றோம், கல்யாணம் செய்தோம். வெளியே தள்ளவும் இல்லை, வீடு முழுக்க நடமாட விடவும் இல்லை. அதைச் சொன்னதும் எஸ்தர் முதல் முறையாகச் சிரித்தாள். காலேஜில் இனி இப்படித்தான் சொல்லித் தரப் போகிறேன் என்றாள்.

பிறகு நெல்லின் பழைய இலையை வைத்தாள். எனக்கு மனசு சங்கடப்பட்டது. மணிகள் ஊதி, வெளுத்து, ஒன்றோடு ஒன்று ஒட்டிக் குழைந்த சோறு மாதிரிக் கிடந்தன. நெல்லுக்குப் பூட்ட அறை இல்லை, உப்பு வீடு முழுக்க நடக்கிறது. எங்கள் மூன்று மாவில் ஒவ்வொரு நாற்றுக்கும் இதுதான் நடந்திருக்கிறது. கண்ணை எடுத்துவிட்டேன்.

எஸ்தர் எழுந்து போய், நான் தண்ணீர் ஊற்றின பிறகு விட்ட குருத்தைக் கிள்ளி வந்தாள். வைத்தாள். பார்த்தாள். ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

பச்சை மணிகள், முழுசாக, தனித்தனியாக. அதே நெல், அதே தகரம், அதே மண்.

வெள்ளிக்கிழமை புரொபசர் வந்தார். வெயிலில் வேர்த்து நனைந்த பெரிய மனிதர். எஸ்தர் வாயைத் திறக்கும் முன் நான் வெளுத்த புடவை கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். நல்ல தண்ணீர் ஊற்றினது நான்தான், இந்தப் பெண் பேரில் குற்றம் இல்லை என்றேன். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் எத்தனை சொம்பு என்று கேட்டார். தகரத்துக்கு நாலு, சூரியன் கிளம்பும் நேரம், ஆறு நாள் என்றேன். அடியில் வடிந்ததா என்று கேட்டார்.

"வடிஞ்சதுங்க. தினம் நாக்குல வெச்சுப் பாத்தேன். முதல் நாள் கடல் தண்ணி. மூணாம் நாள் கண்ணுத் தண்ணி. ஆறாம் நாள் எங்க ஊர்க் கிணத்துத் தண்ணி."

அவர் எஸ்தரைப் பார்த்து, இதை அப்படியே எழுதிக்கொள் என்றார். எஸ்தர் எழுதினாள். எட்டுப் பிள்ளை வளர்த்திருக்கிறேன், நான் சொன்னதை ஒருவர் எழுதிக்கொண்டது அன்றுதான். உமிரித் தகரங்களையும் பார்த்தார். என் நல்ல தண்ணீரில் அதன் செம்மை வெளுத்து, இலை மெலிந்து போயிருந்தது. பாரபட்சம் கூடாது என்று நான் ஊற்றினது அதற்குப் பிடிக்கவில்லை. அதையும் எழுதச் சொன்னார். சோதனையை நிறுத்த வேண்டாம், உப்பு கொடுத்து எடுத்தால் என்ன ஆகிறது என்று இன்னொரு வரிசைத் தகரம் வை என்று சொல்லிவிட்டுப் போனார். எஸ்தர் கதவைச் சாத்திவிட்டு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

நான் அவளைக் கவனிக்கும் நிலையில் இல்லை. வடிந்ததா என்று அவர் கேட்ட இடத்திலேயே நின்றுவிட்டேன். என் பிள்ளைகளும் வயலில் நல்ல தண்ணீர்தான் கட்டினார்கள். ஆனால் அந்தப் புயலில் மணல் வந்து எங்கள் வடிகாலை மூடிவிட்டது. கொடுத்த தண்ணீர் போக வழியில்லாமல் நின்று, காய்ந்து, உப்பை மறுபடி மேலே கொண்டு வந்தது. தகரத்துக்கு ஓட்டை இருந்தது. எங்கள் மூன்று மாவுக்கு ஓட்டை இல்லை.

ஆபீஸில் கொடுத்த காகிதத்தை எஸ்தர் படித்துச் சொன்னாள். மண்ணில் உப்பு அதிகம் என்று போட்டிருந்தது. அதை அந்தச் சுங்கக்காரன் நாக்கு முன்னமே சொல்லிவிட்டது. கிளம்பும் முன் புது வரிசைத் தகரங்களுக்கு நெல்லை ஊறவைத்து, முளை கட்டி, என் கையால் விதைத்துக் கொடுத்தேன். சிவப்புப் பானையையும் நானே நிரப்பினேன். சொம்பை எடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது, ஆனாலும் ஊற்றினேன். தேசம்மா ஸ்டேஷனுக்கு வந்து ஒரு கட்டு உமிரி கொடுத்தாள். ஊரில் போய் உப்பு போடாதே என்று வண்டி நகர்ந்த பிறகும் கத்திக்கொண்டிருந்தாள்.

ஊரில் பத்திரம் தயாராக இருந்தது. பேனாவை நீட்டினார்கள். அதை வாங்கி, பத்திரத்தின் மேலேயே வைத்துவிட்டு, மண்வெட்டியை எடு என்றேன் மூத்தவனிடம். மதராஸ் வெயிலில் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றான் அடுத்தவன். நானே போய் வடிகால் வாயில் குந்தி மணலைக் கையால் அள்ளினேன். எட்டுப் பேரை வளர்த்த தாய் மணல் அள்ளுவதைப் பார்த்துக்கொண்டு எந்தப் பிள்ளை நிற்கும்? நாலு நாளில் வடிகால் திறந்தது. மழையும் வந்தது. தண்ணீர் கட்டி, வடித்து, கட்டி, வடித்து, ஒவ்வொரு தடவையும் வடிகால் வாயில் நின்று விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கடல், கண்ணீர், கிணறு என்று ஆவதற்கு இங்கே ஆறு நாள் போதவில்லை, இரண்டு மழைக்காலம் ஆனது. அதற்குள் காரைக்காலில் பிரெஞ்சுக் கொடியே இறங்கிவிட்டது.

இந்த வருஷம் உவர் தாங்குகிற குழியடிச்சான் நெல்லை மேற்கு மூலையில் போட்டோம். பச்சையாக நிற்கிறது. கிழக்கே பள்ளத்தில் இன்னும் பொருக்கு இருக்கிறது. அங்கே உமிரி தானாக வந்து படர்ந்திருக்கிறது, நான் பிடுங்கவிடவில்லை. அடுத்த மழைக்கு அந்தப் பள்ளமும் வடியும். எஸ்தருக்கு நெல் குருத்து ஒன்றை ஈரத் தாளில் வைத்து அனுப்பினேன். முழு மணி என்று ஒரு வரி பதில் போட்டிருந்தாள்.

வள்ளி, என் மூத்தவன் மகளே, கையைக் கழுவிவிட்டு இங்கே வந்து உட்கார். முதல் வரியிலிருந்து எனக்குப் படித்துக் காட்டு. உப்பு போட்ட இடம் வந்தால் சிரித்துக்கொள், ஆனால் தாண்டிப் போகாதே. நீ படித்து முடித்த பிறகு அடியில் என் பெயரை எழுதுகிறேன். காதால் கேட்காத எதிலும் நான் கையெழுத்துப் போடுவதில்லை.